வசிப்போர் பட்டியலில் ஒரு மாப்பிள்ளை

என் தங்கை யாரைச் சந்தித்தாலும் முதலில் பார்ப்பது அவர்களுடைய பல்லைத்தான். முகம் பிறகு, பெயர் அதற்கும் பிறகு. பல் மருத்துவர்களுக்காகப் பொய்ப்பற்கள் செய்து தரும் பட்டறையில் அவள் வேலை பார்க்கிறாள். சைக்கிள் கடை ஒன்றின் மாடியில் உள்ள நீண்ட அறை அது. சுவரோரப் பலகைகளில் பிளாஸ்டர் அச்சுகள் வாயைப் பிளந்தபடி வரிசையாக அமர்ந்திருக்கும். மேசையில் மெழுகு, சிறு கத்திகள், ஒரு கேஸ் விளக்கு, தரையெல்லாம் வெண்பொடி. முன்பற்கள் அவளைத் தேடித்தான் வரும். பக்கத்துப் பல்லின் நிறத்தோடு புதுப் பல்லின் நிறத்தை இசைய வைப்பதில் அந்த மாடியில் அவளை மிஞ்ச ஆளில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே நம்மை மெல்ல ஜன்னல் வெளிச்சத்துக்கு நகர்த்திக்கொண்டு போவாள். ஏதோ ரகசியம் சொல்லப் போகிறாள் என்று நாமும் போவோம். அவள் நம் கடைவாயை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

நமது குடும்பப் பதிவேட்டில் அவளுக்குரிய பக்கத்தை நிரப்பும் பொறுப்பில் இதை எழுதுகிறேன். பதிவேட்டைப் பராமரிப்பவன் தன்னைப் பற்றி அதில் எழுதக் கூடாது என்பது நானே வகுத்துக்கொண்ட விதி. இந்தப் பக்கத்தில் அதை மீற வேண்டியிருக்கிறது. தங்கையின் வாழ்க்கையில் நேர்ந்த மிகப் பெரிய குளறுபடிக்குக் காரணம் நான். அதை வேறு யார் தலையில் கட்டலாம் என்று நாணயமாகத் தேடிப் பார்த்தேன், ஆள் அகப்படவில்லை.

அவளுக்கு வந்த வரன்களையெல்லாம் அவள் பல்லைப் பார்த்தே தள்ளினாள். ஒருவர் பேசும்போது பல்லே தெரியவில்லை, எதையோ மறைக்கிறார் என்றாள். இன்னொருவருக்குப் பல் அளவுக்கு மீறி வெண்மையாக இருந்தது, அதுவும் சந்தேகத்துக்குரியதாம். ஒவ்வொரு முறிவையும் காரணத்தோடு பதிவேட்டில் எழுதி வைத்தேன். 'மேல்வரிசை நெருக்கம்' என்று ஒரு பொறியாளரைப் பற்றி என் கையெழுத்தில் இன்றும் இருக்கிறது. அவர் அதைப் படிக்க நேர்ந்தால் என்னை மன்னிக்க வேண்டும்.

அவளுக்கு நாற்பது வயதான சமயத்தில், பட்டறைக்காரர் வெளிநாட்டிலிருந்து ஒரு சூளை வாங்கினார். பீங்கான் பற்களைச் சுட்டெடுக்கும் மின்சூளை. அதைப் பொருத்திக் கொடுக்க விற்ற கம்பெனியே அங்கிருந்து ஒரு மெக்கானிக்கை அனுப்பியது. வந்து, பொருத்தி, கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட வேண்டிய வேலை. ஆனால் சூளையில் வைத்த பல்லெல்லாம் விரிசல் விட்டது. மின்சாரத்தின் ஏற்ற இறக்கம்தான் காரணம் என்று கண்டுபிடிப்பதற்குள் வாரங்கள் ஓடிவிட்டன. கண்டுபிடித்த பிறகும் அந்த மனிதர் உடனே கிளம்பவில்லை என்பதைப் பட்டறையில் எல்லோரும் கவனித்தார்கள்.

"அண்ணா, அவருக்கு முன்பல்லு ரெண்டுக்கும் நடுவுல இவ்வளவு இடைவெளி," என்று ஒருநாள் சாப்பிடும்போது விரலால் காட்டினாள்.

"அப்போ இதுவும் சரிவராது. எழுதிடட்டுமா?"

"அடைச்சுத் தரட்டுமான்னு கேட்டேன். வேண்டாம், இது வழியாத்தான் விசில் அடிக்கிறேன்னாரு. அடிச்சும் காட்டினாரு." அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நல்லாத்தான் இருந்துச்சு."

பேனாவை மூடி வைத்தேன்.

அவர் மனைவியை இழந்தவர். பள்ளியில் படிக்கும் மகள் ஒருத்தி அவர் நாட்டில் இருந்தாள். மகள் படிப்பை முடிக்கும்வரை அவரால் அங்கிருந்து நகர முடியாது. பட்டறையில் பங்குதாரராகிவிட்ட தங்கையால் இங்கிருந்து நகர முடியாது. இதைத் தெரிந்துகொண்டே இருவரும் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். அவர் திரும்பிப் போனார். பள்ளி விடுமுறைகளில் மகளோடு வந்து சில வாரங்கள் எங்கள் மாடி அறையில் தங்கிவிட்டுப் போவார். வந்தால் சும்மா இருக்க மாட்டார். குழாய், கதவுக் கீல், என் மனைவியின் தையல் மிஷின் என்று வீட்டில் எது முனகினாலும் கழற்றிவிடுவார். 'மிஷின் மாப்பிள்ளை' என்பது என் மனைவி வைத்த பெயர். அவர் அதைப் பட்டமாகவே எடுத்துக்கொண்டார்.

இப்போது பதிவேட்டின் அமைப்பைச் சொல்ல வேண்டும். காப்பீட்டு அலுவலகம் ஒன்றின் கோப்புப் பிரிவில் வேலை பார்ப்பவன் நான். வீட்டுக்கு வந்தும் அதையே செய்கிறேன் என்பது என் மனைவியின் நெடுநாள் குற்றச்சாட்டு. பிறப்பு, தடுப்பூசி, பள்ளிச் சேர்க்கை, வெந்நீர்க் கருவியின் உத்தரவாதம் எல்லாம் அதில் உண்டு. குடும்பத்தினர் பட்டியலுக்கு இரண்டே கட்டங்கள்: 'வசிப்போர்', 'காலமானோர்'. நம் குடும்பத்தில் யாரும் இந்த ஊரைவிட்டு நகர்ந்ததில்லை என்பதால் அதுவரை இவையே போதுமானவையாக இருந்தன. திருமணத்தன்று மாப்பிள்ளையின் பெயரை எழுத உட்கார்ந்தபோது சற்றுத் தயங்கினேன். நல்ல நாளும் அதுவுமாக ஒரு மனிதரைக் காலமானோரில் எழுத முடியுமா? வசிப்போரில் எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். நெகிழ்ச்சி மேலிட, 'இன்று முதல் இவர் இவ்வீட்டின் நிரந்தர உறுப்பினர். மாடி அறை இவருடையது' என்று ஒரு வரியும் சேர்த்தேன். எழுதி முடித்து, என் நடையை நானே இரண்டு முறை படித்து மகிழ்ந்தேன்.

தங்கையின் வருமான வரிக் கணக்கை ஆண்டுதோறும் பட்டறையின் ஆடிட்டர்தான் தாக்கல் செய்து வந்தார். வாழ்க்கைத்துணை என்ற இடத்தில் 'வெளிநாட்டில் வசிப்பவர், இங்கு வருமானம் இல்லை' என்று எழுதி, மாப்பிள்ளை தன் நாட்டில் வரி கட்டுகிறார் என்பதற்கு அந்த நாட்டு அலுவலகம் தரும் சான்றை இணைப்பார். ஒரு தாள், ஒரு பின். கேள்வி வந்ததே இல்லை.

சென்ற ஆண்டு மகள் படிப்பை முடித்தாள். மாப்பிள்ளை இனி இங்கேயே வந்துவிடுவது என்று முடிவாயிற்று. மனைவியோடு தங்குவதற்கான அனுமதிக்கு விண்ணப்பித்தார். அனுமதி அலுவலகம் ஒன்றே ஒன்றைக் கேட்டது: தங்கையின் அந்த ஆண்டு வரிக் கணக்கு ஏற்கப்பட்டதற்கான ஆணை. குறித்த தேதிக்குள் அது போய்ச் சேராவிட்டால் விண்ணப்பம் காலாவதி; மறுபடி வரிசையின் கடைசிக்குப் போய் நிற்க வேண்டும்.

இவ்வளவு முக்கியமான கணக்கை ஒரு தாளையும் ஒரு பின்னையும் நம்பும் மனிதரிடம் விடுவதா? இந்த ஆண்டு நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அறிவித்தேன். தங்கை என்னை நம்பினாள். அவளுடைய வாழ்க்கைக் குறிப்பில் அவளுடைய தவறு என்று எழுதத்தக்கது இது ஒன்றுதான்.

ஆடிட்டர் தொலைபேசியில் கெஞ்சாத குறை. "சார், அந்தச் சான்றை மட்டும் வைங்க. அதுக்கு மேல எதையும் வைக்காதீங்க. அவங்க கேக்காததை நாம குடுக்கக் கூடாது."

"மறைக்கிறதுக்கு எங்ககிட்ட ஒண்ணும் இல்லைங்க."

"அதான் சார் பயமா இருக்கு," என்றார் அவர்.

சான்றை வைத்தேன். திருமணப் பதிவின் நகலையும் மாப்பிள்ளையின் பாஸ்போர்ட் நகலையும் வைத்தேன். அது வெறும் காகிதக் கல்யாணம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதற்காகப் புகைப்படங்களை வைத்தேன். எல்லாவற்றுக்கும் மகுடமாகக் குடும்பப் பதிவேட்டின் அந்தப் பக்கத்தை நகலெடுத்து, நோட்டரியிடம் சான்றொப்பம் பெற்று, மேலாக வைத்தேன். கட்டு கனமாக இருந்தது. கவுன்டரில் இருந்தவர் அதைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டேன்.

சில வாரங்களில் நோட்டீஸ் வந்தது. தாங்களே இணைத்துள்ள சான்றொப்பமிட்ட ஆவணத்தின்படி, தங்கள் கணவர் திருமண நாள் முதல் இம்முகவரியில் நிரந்தரமாக வசித்து வருகிறார். இங்கு வசிப்பவர் உலகில் எங்கு சம்பாதித்தாலும் இங்கு கணக்குக் காட்ட வேண்டும். அவர் இத்தனை ஆண்டுகளாக ஏன் காட்டவில்லை என்பதற்கு விளக்கம் தேவை. அதுவரை தங்கள் கணக்கு ஏற்கப்படாது.

நான் அதைக் கூடத்தில் நின்றபடி உரக்கப் படித்தேன். தங்கை பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள்; ஒரு காலில் செருப்பு, மறுகால் வெறுங்கால்.

"ஆணை வராதா?" என்றாள்.

"விளக்கம் குடுத்தா வரும்."

"தேதிக்குள்ள வருமா?"

நோட்டீஸின் மறுபக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பதில் சொன்னது என் மனைவி.

"ஏங்க, உங்க தங்கச்சி புருஷனை நாட்டுக்குள்ள விடாம இருக்க எல்லைக் காவல்காரங்க இருக்காங்க. உங்களுக்கு எதுக்கு அந்த வேலை?"

"நான் நல்லதுக்குத்தான்..."

"நல்லதுக்கா? அவரு ஒரு கீலைக் கழட்டினாக்கூடத் திருப்பி மாட்டுறாரு. நீங்க கழட்டினதை யாரு மாட்டுறது?"

தங்கை மற்ற செருப்பையும் மாட்டிக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

மறுநாள் நானும் தங்கையும் வரி அலுவலகத்துக்குப் போனோம். எங்கள் கோப்பைக் கையில் வைத்திருந்தவர் கண்ணாடி அணிந்த ஒரு பெண் அதிகாரி. அவர் மேசையில் என் கட்டு, மற்றக் கோப்புகளுக்கு நடுவே தலையணை போலக் கிடந்தது. பதிவேட்டு நகலை எடுத்து விரித்தார்.

"இதை யாரு எழுதினது?"

"நான்தான் மேடம்."

"கையெழுத்து ரொம்ப அழகா இருக்கு."

நன்றி சொன்னேன். தங்கை என் காலை மிதித்தாள்.

"இதுல உங்க மாப்பிள்ளை வசிப்போர்ல இருக்காரே."

"ஆமாம் மேடம். ஆனா அவர் இங்க வசிக்கலை."

"அப்போ ஏன் அங்க எழுதினீங்க?"

"இன்னொரு கட்டம் காலமானோர் மேடம்."

அதிகாரி பக்கத்தை மேலும் கீழும் பார்த்தார். "வேற கட்டமே இல்லையா? வெளியூர் போனவங்களை எங்க எழுதுவீங்க?"

"எங்க குடும்பத்துல யாரும் போனதில்லை மேடம்."

"பாவம்," என்றார். யாரைச் சொன்னார் என்று இன்றுவரை தெரியவில்லை. "சரி, நிரந்தர உறுப்பினர், மாடி அறை அவருடையதுன்னு எழுதியிருக்கீங்களே, இது?"

"அது... பாசத்துல எழுதினது."

"பாசத்துக்கு நோட்டரி கையெழுத்து வாங்கியிருக்கீங்களே சார்."

பக்கத்து மேசைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. அதிகாரி இரக்கமற்றவர் அல்லர். மாப்பிள்ளையின் பாஸ்போர்ட் நகலைப் புரட்டி, வந்த முத்திரைகளையும் போன முத்திரைகளையும் விரலால் தொட்டுக்கொண்டே போனார். பிறகு வழியைச் சொன்னார்.

"ஒரு உறுதிமொழி எழுதிக் குடுங்க. பதிவேட்டுல இருக்கிறது தவறு, அவர் கல்யாணத்துக்கு அப்புறமும் வெளிநாட்டுலதான் வசிச்சாரு, இங்க வந்தது விருந்தாளியா மட்டும்தான்னு. எழுதினவரே கையெழுத்துப் போடணும். குடுத்தீங்கன்னா நான் இதை முடிச்சுடறேன்."

தங்கை கைப்பையிலிருந்து பேனாவை எடுத்து என் முன்னால் வைத்தாள். நான் அதை எடுக்கவில்லை.

"மேடம், 'தவறு'ங்கற சொல் அவசியமா? 'முழுமையற்றது'ன்னு போடலாமா?"

"தவறு, சார்."

"'மிகையானது'?"

"சார், இதுக்குப் பின்னாடி இன்னும் பத்துக் கோப்பு இருக்கு."

நாளை எழுதிக்கொண்டு வருகிறேன் என்று எழுந்தேன். வெளியே நடைவழியில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் தங்கை என்னை நிறுத்தினாள். ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் விழுந்தது. இந்த முறை அவள் என் பல்லைப் பார்க்கவில்லை.

"என்ன அண்ணா பிரச்சினை உனக்கு?"

"இத்தனை வருஷமா அந்தப் புத்தகத்துல ஒரு வரி தப்புன்னு யாரும் சொன்னதில்லை. நானே தப்புன்னு அரசாங்கத்துக்கு எழுதிக் குடுத்தா, மத்த வரிக்கெல்லாம் என்ன மதிப்பு?"

"என்ன ஆகிடும்? தாத்தா பொறக்கவே இல்லைன்னு யாராவது வந்து சொல்லிடுவாங்களா?"

"அதில்லைம்மா..."

"நான் சொல்றதைக் கேளு. ஃபோனைத் தண்ணி ஜாடி மேல சாய்ச்சு வச்சுட்டுத்தான் நான் தினமும் சாப்பிடுறேன். அவரு அங்க காலைச் சாப்பாடு சாப்பிடுவாரு, நான் இங்க ராத்திரிச் சாப்பாடு. நடுவுல லைன் போயிடும். அவரு வாயைத் திறந்தபடி அப்படியே நின்னுடுவாரு, எங்க பட்டறை அச்சு மாதிரி. மறுபடி வர்ற வரைக்கும் அந்த வாயைப் பாத்துட்டு உக்காந்திருப்பேன்." அவள் குழாயைத் திறந்தாள், குடிக்காமலே மூடினாள். "உன் புத்தகத்துல அவரு நிரந்தரமா மாடியில இருந்திருக்காரு. அந்த மாடியில நான் இருந்தேன் அண்ணா. அவரு இல்லை."

அவள் பேனாவை என் சட்டைப் பையில் செருகினாள்.

"இல்லைன்னு எழுதிக் குடு. அவரு இங்க இல்லைன்னு நீ ஒத்துக்கிட்டாத்தான் இங்க வர விடுவாங்க. எனக்கு அவரு புத்தகத்துல வேண்டாம்."

மாடிப்படியில் எந்நேரமும் ஏறி இறங்கியவன் நான். வசிப்போரில் இருவர் இருக்க வேண்டிய அறையில் ஒரு விளக்கு, ஒரு தட்டு, ஒரு ஜாடி. பல வருடங்கள் அவற்றைப் பார்த்தும் பதிவேட்டில் பிழை இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவில்லை. வெந்நீர்க் கருவி பழுதான தேதி மட்டும் சரியாக இருந்தது.

திரும்பி உள்ளே போனோம். அதிகாரி சொல்லச் சொல்ல, 'தவறு' என்ற சொல் உள்பட, என் அழகான கையெழுத்தில் எழுதினேன். உறுதிமொழி அளிப்பவரின் தொழில் என்ற இடத்தில் என் பிரிவின் பெயரை எழுதியதும் அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார்.

"ஃபைல் செக்‌ஷன்லயா வேலை பாக்குறீங்க?"

"ஆமாம் மேடம்."

"எந்தக் கம்பெனி?"

தங்கை முந்திக்கொண்டாள். "கேக்காதீங்க மேடம். ஒருவேளை நீங்க அங்க இன்ஷூரன்ஸ் எடுத்திருப்பீங்க."

அதிகாரி சிரித்தார். அவருடையது சீரான பல் என்று தங்கை வெளியே வந்தபின் சொன்னாள். கீழ்வரிசையில் ஒன்று மட்டும் கட்டியதாம், நல்ல வேலைப்பாடாம்.

ஆணை உரிய நேரத்தில் வந்தது. அதை அனுமதி அலுவலகத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலையை யாரும் என்னிடம் ஒப்படைக்கவில்லை. ஆடிட்டர் தானே எடுத்துப் போனார், ஒரு தாளாக. சில நாள் கழித்து அனுமதி கிடைத்துவிட்டது என்று மாப்பிள்ளை பட்டறைக்கே தொலைபேசியில் சொன்னார். அப்போது தங்கை மெழுகில் ஒரு கோரைப்பல்லைச் செதுக்கிக்கொண்டிருந்தாளாம். "சரி," என்று மட்டும் சொல்லி ஃபோனை வைத்துவிட்டு, அந்தப் பல்லை முடித்தாளாம். முடித்தபின் பார்த்தால் அது வலப்பக்கத்துக்கு வேண்டிய பல், செய்திருந்தது இடப்பக்கத்துக்கு. பட்டறைக்காரர் அதைத் தூக்கிப் போடாமல் வைத்திருக்கிறார். அவளிடம் கண்ட முதல் பிழையாம்.

மாப்பிள்ளை வந்து சேர்ந்த அன்று தங்கை மட்டும் விமான நிலையம் போனாள். நான் வர வேண்டாம் என்று இருவரும் தனித்தனியாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். வாசலில் காத்திருந்த எனக்கு வேறு ஒரு சிந்தனை ஓடிக்கொண்டிருந்தது. இனி அவர் இங்கு வசிப்பவர். ஓர் ஆண்டில் எத்தனை நாள் இங்கிருக்கிறார் என்பதைப் பொறுத்தே அவருடைய வரி. அடுத்த கணக்கில் பிழை நேரக் கூடாதென்றால் முதல் நாளிலிருந்தே விவரம் திரட்ட வேண்டும். ஆகவே அவர் டாக்ஸியிலிருந்து இறங்கி, பெட்டிகளையும் தன் பெரிய கருவிப் பெட்டியையும் இறக்கி, இடைவெளி தெரியச் சிரித்தபடி என்னை நோக்கி வந்தபோது, மிகுந்த கடமையுணர்வோடு கேட்டேன்.

"வாங்க மாப்பிள்ளை. எவ்வளவு நாள் இருப்பீங்க?"

டாக்ஸி ஓட்டுநர் கூடத் திரும்பிப் பார்த்தார்.

"அடக் கடவுளே," என்றாள் என் மனைவி. "வந்த மனுஷன் இன்னும் செருப்பைக்கூடக் கழட்டலை!"

"இல்லை, நான் வரிக்காக..."

"நீங்க எதுக்காகவும் பேசாதீங்க!"

தங்கை வாயைப் பொத்திக்கொண்டு டாக்ஸியின் மீது சாய்ந்துவிட்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குப் புரியவில்லை. மாப்பிள்ளை மட்டும் என் கேள்வியைக் கேள்வியாகவே மதித்தார். கருவிப் பெட்டியைக் கீழே வைத்தார். எங்கள் மொழியை அவர் ஆணிகளைத் தேடி எடுப்பதுபோல ஒவ்வொரு சொல்லாக எடுத்துப் பொருத்துவார்.

"மச்சான், நான் திரும்பிப் போற டிக்கெட் வாங்கலை."

அந்த ஒருவழி டிக்கெட்டின் நகல் ஒன்று இருந்தால் நல்லது என்று எனக்குத் தோன்றியது. என் வாய் திறப்பதைப் பார்த்த மனைவி, கருவிப் பெட்டியைத் தூக்கி என் இரு கைகளிலும் வைத்தாள். பயங்கரக் கனம். தங்கையும் அவரும் ஆளுக்கொரு பெட்டியோடு முன்னால் மாடியேற, மூச்சு வாங்கியபடி நான் பின்னால் ஏறினேன்.